முதலில் நம்ம பக்கம்

சித்தூரை விட்டு நடக்க ஆரம்பித்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாகாலா போகிற சாலை. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு சார்ஜர். போனை அணைத்து வைத்திருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் யோசனை வரும், நடந்தால் கால் வலி மட்டும்தான் வரும் என்று நடந்தேன்.

மாங்காய் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த டெம்போக்காரர் ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். எங்கே வேலை என்று கேட்டார். சித்தூரில் ஓர் ஆன்லைன் கடையில் என்றேன். விட்டுவிட்டாயா என்றார். மூன்று நாள் லீவு என்றேன். அது பொய்யில்லை. கடையை நடத்திய பெண்மணி என்னை மூன்று நாள்தான் வரவேண்டாம் என்றிருந்தார். நாலாம் நாளும் நான் போகப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. அங்கே என்னோடு வேலை பார்த்த பாரதி என்ற பெண்ணுக்கு, நான் செய்த ஒரு காரியத்தால் வேலை போக இருந்தது. அதை அன்று காலையில்தான் ஒருவழியாகச் சொல்லி முடித்திருந்தேன்.

இது நடந்து ஆறு வருடம் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் நான் வேலை பார்த்த இடங்கள் பல. முதலாளிகள் முகம் பாதி மறந்துவிட்டது. அந்தம்மாவை மட்டும் மறக்கவில்லை.

கடைக்குப் பெயர் கிடையாது. ‘ஆன்லைன் பணிகள் செய்யப்படும்’ என்று தெலுங்கில் ஒரு பலகை, அவ்வளவுதான். பெயர் போடுவது பிடிக்காதவர் என்பதால் நானும் இங்கே எழுதவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நகரியில் விசைத்தறி வீட்டில் பிறந்தவர். நாலு தறி ஓடுகிற வீட்டில் பேசிப் பழகிய தொண்டை. ரகசியம் சொன்னாலும் எதிர் டீக்கடை வரைக்கும் கேட்கும். அதனாலேயே ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாடிக்கையாளர் பாஸ்வேர்டு சொல்ல வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவார். கீபோர்டை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். எழுதத் தெரியாத கிழவிகள் வந்தால்கூட அவர்கள் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைப்பாரே தவிர, தான் அடிக்கமாட்டார்.

நான் முதலில் போனது வாடிக்கையாளனாகத்தான். மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் முடிந்திருந்தது. தொழிலாளர் அட்டையை எடுக்க வேண்டியிருந்தது. மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் திரை வெள்ளையாக நின்றது. மூன்றிலும் ‘சர்வர் டவுன், நாளைக்கு வா’ என்ற ஒரே பதில். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் பழகிப்போன வார்த்தை அது. அதைச் சொல்லிவிட்டால் தப்பு ஹைதராபாத்தில் இருக்கிறது, இல்லையென்றால் டெல்லியில் இருக்கிறது. கடைக்காரருக்கு நிம்மதி.

இவர் கடையிலும் திரை வெள்ளையாகத்தான் நின்றது. நான் எழுந்துவிட்டேன்.

“உக்காருண்ணா. மொதல்ல நம்ம பக்கம் பாக்கலாம்” என்றார்.

பிரவுசரில் கருப்பாக ஒரு ஜன்னல் திறப்பார்கள். அதில் பழைய ஞாபகம் எதுவும் இருக்காது, கூடுதலாக ஏற்றிவைத்த எதுவும் வேலை செய்யாது. அவர் அதைத் திறந்ததும் என் பக்கம் உடனே வந்துவிட்டது. எனக்கு அட்டை கிடைத்துவிட்டது, கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் அதோடு விடவில்லை. விளம்பரத்தைத் தடுக்க, திரையைப் படமெடுக்க, கோப்பை மாற்ற என்று பிரவுசரில் ஏற்றிக்கொள்ளும் சின்னச் சின்னச் சாமான்களை எக்ஸ்டென்ஷன் என்பார்கள். எட்டு இருந்தன. நாலை அணைத்தார், பக்கம் வரவில்லை. அவற்றைத் திரும்பப் போட்டு மற்ற நாலை அணைத்தார், வந்தது. அந்த நாலில் இரண்டு, அந்த இரண்டில் ஒன்று. கோப்பு மாற்றித் தரும் சாமான்தான் குறுக்கே நின்றிருந்தது. அதை எடுத்துப்போட்டுவிட்டு, ஏற்றும்போது அது கேட்ட அனுமதி என்ன என்று எனக்குத் தெலுங்கிலும் தமிழிலும் படித்துக் காட்டினார். நீ பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிப்பேன், மாற்றுவேன் என்று இருந்தது.

“ஒரு ரூம்பு வாடகைக்குக் கேட்டு வந்தவன் வீட்டுச் சாவி மொத்தமும் கேக்கறான். நாமளும் குடுத்துட்டு, கதவு தொறக்கலியேன்னு கவர்மெண்ட்ட திட்டிக்கினு கீறோம்” என்றார்.

எனக்கு அந்த நிதானம் பிடித்துப்போயிற்று. வேலை இருக்கிறதா என்று கேட்டேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவேன். ஊர் ஊராகப் போனதில் வந்தது. எவ்வளவு படிப்பு என்றார். பத்தாவது என்றேன். அப்படியா என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் வரச் சொன்னார்.

அங்கே இருந்தது பதினொரு மாதம். நான் ஓரிடத்தில் இருந்ததில் அதுதான் அதிகம். காலையில் வந்ததும் இரண்டு மெஷினிலும் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து பார்ப்பார். கல்லூரிப் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்து எதையாவது ஏற்றிவிட்டுப் போயிருப்பார்கள். கிரிக்கெட் ஸ்கோர் காட்ட ஒன்று, தள்ளுபடி சொல்ல ஒன்று. கோபப்படமாட்டார். வாசலில் விழுந்த சருகைப் பொறுக்குவதுபோல எடுத்துப்போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார். சர்வரில்தான் தப்பு என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது மூன்று தடவையோ நாலு தடவையோ. அப்படிச் சொன்ன நாட்களில் சொல்லும்போதே முகம் கோணும், யாரையோ கோள் சொன்னதுபோல.

திருப்பதிக்கு ஒருமுறை கூட்டிப்போனார். அலிபிரி பக்கம் தெரிந்தவர் ஒருவரின் லாட்ஜ். வரவேற்பில் இருந்த குமாஸ்தா, தங்க வருகிறவர்களை ஏதோ பொய்யான புக்கிங் பக்கத்துக்கு அனுப்புகிறான், கமிஷன் வாங்குகிறான் என்று முதலாளிக்குச் சந்தேகம். குமாஸ்தா நாமம் போட்ட ஐம்பது வயது மனிதர், கோயில் கைங்கர்யக் குடும்பத்தில் பிறந்த தமிழர். ஓரமாக நின்றார். அந்த மெஷினில் எதைத் தேடினாலும் அந்தப் பொய்ப் பக்கம்தான் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. அந்தம்மா தன் போனில் தேடினார், வரவில்லை. அரை மணி நேரம் அணைத்து அணைத்துப் பார்த்தார். திரைக்கு அழகான படம் மாற்றித் தருகிற எக்ஸ்டென்ஷன் ஒன்று, தேடுகிற இடத்தையும் சேர்த்து மாற்றிவைத்திருந்தது. இவன்தான் ஏற்றியிருப்பான் என்றார் முதலாளி.

“ஏத்தினது யாருன்னு பொட்டி சொல்லாது சார். இதுல யார் யாரு உக்காந்தாங்க, ஒன்னொன்னா சொல்லுங்க.”

முதலாளி எண்ணிக்கொண்டே வந்தார். கடைசியில் தன் மச்சான் பெயரில் வந்து நின்றது. திருப்பதிப் படம் தினம் ஒன்று வரும் என்று அவர் ஏற்றித் தந்ததாம். அன்று அந்தக் குமாஸ்தா பஸ் நிறுத்தம் வரை எங்களோடு நடந்து வந்தார். பஸ் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தம்மாவின் இந்தக் குணம் எனக்கு எப்போதும் பிடித்தே இருந்தது என்று சொல்லமுடியாது. ஒருநாள் மதியம் நல்ல மழை. கரண்ட் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. எந்தக் கோளாறையும் கண்டுபிடித்துவிடுகிறாயே என்று சும்மா சொல்லிவைத்தேன். ஒன்றைக் கண்டுபிடிக்க நாலு வருஷம் ஆயிற்று என்றார். வடமாலபேட்டையில் அவரைக் கட்டிக்கொடுத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

“அவருக்குக் கோவம் வந்துகினே இருந்துச்சி. சரி, மொதல்ல நம்ம பக்கம் பாக்கலாம்னு எங்கம்மாகூட போன்ல பேசறத நிறுத்தினேன். ரெண்டு மாசம் பார்த்தேன். போவல. டிகிரி எழுதிக்கினு இருந்தேன், அத்த நிறுத்தினேன். போவல. வேலைக்குப் போறத நிறுத்தினேன். சத்தமா பேசறேன்னு சொன்னாரு, மெதுவா பேசினேன். அப்புறம் பேசறதையே நிறுத்தினேன். எல்லாம் நிறுத்தியாச்சு, கோளாறு அப்பிடியே கீது. அப்பதான் பஸ் ஏறி நைனா வீட்டுக்கு வந்தேன்.”

மழைச் சத்தத்தை மீறி, டிக்கெட் ரத்தான செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார். மற்றவன்மேல் தப்பு என்று சொல்ல நாலு வருடம் எடுத்துக்கொள்கிற ஆளோடு இருப்பது லேசான விஷயமில்லை என்று அன்று தோன்றியது. அதற்குள் நான் செய்யத் தொடங்கியிருந்த வேலை அப்படித் தோன்ற வைத்ததோ என்னவோ.

உண்மையில் நான் படித்தது எட்டாவதில் பாதி. பேசுவேன், எழுதுவதென்றால், அதுவும் இங்கிலீஷில், ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டும். கங்காதர நெல்லூர் மண்டலம் என்று அடிப்பதற்குள் வரிசையில் நிற்கிறவர் கொட்டாவி விடுவார். அதனால் படிவங்களைத் தானாக நிரப்புகிற எக்ஸ்டென்ஷன் ஒன்றை ஏற்றிக்கொண்டேன். பெயர் ஏதோ பிரிண்டர் சாமான்போல இருந்ததால் காலைப் பட்டியலில் அது அவர் கண்ணுக்குத் தப்பியது. ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் ஊர், மண்டலம், மாவட்டம், பின்கோடு எல்லாம் ஒரு தட்டில் விழும். பெயரையும் நம்பரையும் மாற்றினால் போதும். நான் அதற்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பால்காரரின் படிவத்தை வைத்து. சில படிவங்களில் கீழே மடிந்து கிடக்கும் பெட்டிகளிலும் அது அவருடைய போன் நம்பரைப் போட்டுவிடும் என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பால்காரர் கடைக்கு வந்தார். அறுபது வயது, காது வரை மீசை.

“ஏம்மா, நான் மாசமா கீறேன்னு கவர்மெண்டுக்கு யாரு சொன்னது?” என்றார்.

போனை நீட்டினார். இரண்டு மெசேஜ். ஐந்தாம் மாதப் பரிசோதனைக்கு வரும்படி ஒன்று, பெண்கள் விடுதியில் இடம் கிடைத்திருப்பதாக ஒன்று. பாரதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சீமந்தம் எப்போ நைனா” என்று கேட்டாள். அவரும் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. அவருக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு மெஷினுக்குப் போனார். பட்டியலில் அது இருந்தது, எடுத்துப்போட்டார். யார் ஏற்றியது என்று எங்களைப் பார்த்தார். காலேஜ் பிள்ளைகளாக இருக்கும் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

அன்று சாயங்காலம் வரை அவர் போன் பண்ணினார். அந்த இரண்டு வாரத்தில் வந்தவர்கள் ஒருவர் விடாமல். எங்கள் பக்கம் தப்பு, வாங்க, திருத்தித் தருகிறேன் என்று ஒவ்வொருவருக்கும் அதே வார்த்தை. பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் படித்துக் கொடுத்தது நான்தான்.

அதோடு விட்டிருக்க வேண்டும். நாலு நாள் கையால் அடித்துப் பார்த்தேன். வரிசை வாசலுக்கு வெளியே போனது. அந்தம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுநாள் அவர் காலையில் பட்டியல் பார்த்து முடித்ததும் அந்த எக்ஸ்டென்ஷனைத் திரும்ப ஏற்றினேன். மாலையில் கிளம்பும் முன் எடுத்துவிட்டேன். தினமும் அப்படி.

தப்புகள் திரும்ப வந்தன. ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் வேறொருத்தியின் சான்றிதழ் எண். அவர் பார்க்கிற காலை நேரத்தில் பட்டியல் சுத்தமாக இருந்தது. பிரவுசரையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார், தப்பு நிற்கவில்லை. மெஷினை மாற்றிப் பார்த்தார், நிற்கவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போனார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். யார்மேலும் சந்தேகம் இல்லை. ஆனால் அணைத்துப் பார்க்க இனிமேல் ஆட்கள்தான் பாக்கி. ஒருவர் மாற்றி ஒருவர் மூன்று மூன்று நாள் வராமல் இருந்து பார்ப்போம், கடைசியில் நானும் வராமல் இருக்கிறேன் என்றார். நகரியில் சித்தி பெண்ணுக்குக் கல்யாணம் இருக்கிறது, நானே முதலில் லீவு எடுத்துக்கொள்கிறேன் என்றாள் பாரதி. சந்தோஷமாகப் போனாள். அவள் வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக வருவது அவள் சம்பளம் மட்டும்தான்.

நான் பயந்து போயிருந்தேன். இரண்டு பேரில் ஒருவர் குறைந்தால் அவர் பார்வை முழுக்க என்மேல் இருக்கும் என்று நினைத்து, அந்த மூன்று நாளும் எக்ஸ்டென்ஷனைத் தொடவில்லை. தேடித் தேடிக் கையால் அடித்தேன். ஒரு தப்பும் வரவில்லை. முதல் நாள் மாலை கடையைப் பெருக்கும்போதுதான் நான் செய்துகொண்டிருப்பது என்னவென்று உறைத்தது. அவர் கணக்கில், ஒன்றை அணைத்ததும் கோளாறு போனால் அதுதான் கோளாறு. உறைத்த பிறகும் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.

பாரதி இன்னும் ஒருநாள் கல்யாண வீட்டில் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். நாலாம் நாள் காலையில் அந்தம்மா புடவை மாற்றி, கைப்பையோடு கடைக்கு வந்தார். நகரிக்குப் போய்ப் பாரதியைப் பார்த்துவிட்டு வருகிறேன், போனில் கேட்கிற விஷயமில்லை இது என்றார். அந்தத் தொண்டையோடு அவர் தறித் தெருவில் நின்று கேட்டால் பத்து வீட்டுக்குக் கேட்கும். ஆன்லைன் கடையில் தப்பு பண்ணிவிட்டாளாம் என்று சாயங்காலத்துக்குள் ஊர் சொல்லும். பாரதியின் அப்பா அப்புறம் அவளை எந்த வேலைக்கும் அனுப்பமாட்டார். அது எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் படியிறங்கினார்.

“போவாதம்மா. அது நான்தான்.”

“இன்னாது நீ?”

சொன்னேன். நின்றபடியே கேட்டார். பிறகு உள்ளே வந்து பையை வைத்துவிட்டு ஒரு காலிப் படிவத்தைத் திறந்தார். “எழுது” என்றார்.

எழுதினேன். ஒரு முகவரி. டீ வந்தது. நான் மாவட்டத்துக்கு வருவதற்குள் அது ஆறி ஏடு கட்டிவிட்டது. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்தாவதுன்னு சொன்னியேண்ணா.”

“எட்டாவதுல பாதி.”

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, “தப்பு என் பக்கம்தான்” என்று ஆரம்பித்தார். “ஒன்ன வேலைக்குச் சேக்கறப்பவே ஒரு வரி எழுதச் சொல்லிப் பார்த்திருக்கணும். பார்க்கல. வரிசை நீண்டுதுன்னு ஒன்ன திரும்பிப் பார்த்தேன். அதுல பயந்துகினியோ இன்னமோ.”

என்னால் தாங்கமுடியவில்லை. வடமாலபேட்டையில் நாலு வருடம் அவர் எப்படி இருந்திருப்பார் என்று அந்த நிமிடத்தில் கண்ணால் பார்த்தேன்.

“உன் பக்கம் ஒன்னும் இல்லம்மா. நான் தெரிஞ்சே மறைச்சேன். பாரதி தலையில வியும்னு தெரிஞ்சும் ரெண்டு நாளா வாய மூடிக்கினு இருந்தேன். நீ எத்த நிறுத்தியிருந்தாலும் இது நின்னிருக்காது.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிமிட்டாமல் பார்த்தார்.

“சரி. அப்ப நீதான்” என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன்பிறகு பாரதிக்குப் போன் போட்டார். கல்யாணச் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டார், நாளைக்கு வந்துவிடு என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. என்னிடம் திரும்பினார்.

“மூணு நாள் நீ வராத. ஒன்ன மட்டும் சும்மா வுடமுடியாது, முறைன்னு ஒன்னு கீது. நாலாம் நாள் வா. மதியம் கூட்டம் இருக்காது. எழுத்து மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.”

திட்டியிருந்தால் ஒருவேளை நாலாம் நாள் போயிருப்பேன். வாடகை அறைக்கு வந்து சாமான்களைப் பையில் போட்டேன். அந்தப் பையோடுதான் பாகாலா சாலையில் நடந்தேன். டெம்போக்காரர் பாகாலா ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். திருப்பதிக்கு ரயில் ஏறினேன்.

மறுநாள் காலையில் திருப்பதியில், லாட்ஜ்களுக்கு இருபது லிட்டர் தண்ணீர் கேன் போடுகிற ஓர் இடத்தில் போய் நின்றேன். முதலாளி பல் விளக்கிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு, சதுவு எந்த என்று தெலுங்கில் படிப்பைக் கேட்டார். எட்டாவதில் பாதியில் நின்றுவிட்டேன், இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எழுதுவேன், வேகமாக வராது என்று சொன்னேன்.

“கேன் தூக்கறதுக்கு இதெல்லாம் யாருய்யா கேட்டா?” என்றார். லோடு ஏறிக்கொண்டிருந்த வண்டியைக் காட்டினார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் முதல் கேனைத் தோளில் ஏற்றினேன்.